இரண்டு அங்குலம் இறக்க

ஞாயிறு, காலை

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. இங்கே மூன்று பேரும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம் என்று எழுதச் சொல்கிறார், எழுதிவிட்டேன். நீயும் அண்ணியும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நன்றாக இருக்க வேண்டும்.

உன் மாப்பிள்ளை பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அவர் கையெழுத்தில் வந்தால் நீ ஸ்பிரிங்குக்குப் பதில் சைக்கிள் பெல்லை அனுப்பிவைப்பாய் என்பது மகளின் கருத்து. போன வாரம் போனில் பேசியபோது, எல்லா அளவையும் தாளில் எழுதி அனுப்பினால் உன் உதிரிபாகக் கிடங்கில் காட்டித் தேடலாம் என்று சொன்னாயாம். அதனால் இந்தக் கடிதம்.

விஷயம் உனக்குப் பாதி தெரியும். கட்டடங்களுக்குக் கண்ணாடி பொருத்தும் வேலையில் அவர் ஏணியிலிருந்து விழுந்து எட்டு மாதம் ஆகிறது. இடுப்பில் வைத்த தகடு நன்றாகச் சேர்ந்துவிட்டது. எலும்பு டாக்டர் போன தடவை, "நீங்களா ஏறி உக்காந்துட்டீங்கன்னா ஓட்டலாம், எனக்கு ஆட்சேபணை இல்ல" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பிக்கப்பை எடுத்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். ஏறுவதுதான் முடியவில்லை. காலைத் தூக்கி வைத்து இடுப்பைத் திருப்பக் கூடாது. முதுகைக் காட்டி நின்று, இருக்கையின் விளிம்பில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே எடுக்க வேண்டும். அந்த விளிம்பு இரண்டு அங்குலம் உயரம் அதிகம். எப்படித் தெரியும் என்கிறாயா? நான் சேர்த்துவைத்திருக்கும் பழைய பத்திரிகைத் தொகுப்புகளைக் கட்டிலின் மேல் ஒவ்வொன்றாக அடுக்கி, மேலே மேலே உட்கார்ந்து பார்த்தார். முப்பத்தொன்றரை அங்குலம் வரை உட்கார முடிகிறது. வண்டி முப்பத்து மூன்றரை.

ஒரு பலகையைப் போட்டு ஏறலாமே என்று நான் சொன்னேன். "ஏணில இருந்து விழுந்தவன மறுபடி பலகை மேல ஏத்துறா பாரு உன் தங்கச்சி" என்று உனக்கு எழுதச் சொல்கிறார்.

இனி அவர் சொல்லும் அளவுகள். வண்டி சமதரையில், டயர்களில் சரியான காற்றோடு நின்றபோது எடுத்தவை. முன் சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே தகரத்தின் விளிம்பு வரை பதினெட்டு அங்குலம். பின்னால் பத்தொன்பதரை. கண்ணாடித் தகடுகளை நிறுத்தும் இரும்புச் சட்டம் பின்னால் நிரந்தரமாக இருக்கிறது, அதன் எடை நூறு கிலோவுக்குக் குறையாது. முழுச் சுமை ஏற்றினால் பின்பக்கம் இன்னும் இரண்டு விரற்கடை அமுங்கும். ஆகவே முன்னால் இரண்டு அங்குலம் இறங்க வேண்டும், பின்னால் ஒன்றரை போதும் என்கிறார்.

நீ கேட்ட கேள்விக்கும் பதில். பின் ஸ்பிரிங் பட்டைகள் அச்சுக்கு மேலே போகின்றனவா, கீழேயா என்று கேட்டாயாம். கீழே போனால் நடுவில் ஓர் இரும்புக் கட்டையை வைத்தாலே வண்டி இறங்கிவிடும், மேலே போனால் அதே கட்டை வண்டியைத் தூக்கிவிடும் என்றாயாம். அவரால் குனிய முடியாததால் நான்தான் கோணியை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். கீழே போகின்றன.

அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை மகளுக்குப் பரீட்சை தொடங்குகிறது. தேர்வு மையம் பாலத்துக்கு அந்தப் பக்கம். முதல் நாள் தானே பிக்கப்பில் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் பாகங்கள் வந்து, பூட்டி முடிந்திருக்க வேண்டும்.

அண்ணிக்கு எங்கள் அன்பைச் சொல்.

உன் அன்புத் தங்கை

கீழே நெளிவது அவர் கையெழுத்து. "மச்சானுக்கு நமஸ்காரம், சீக்கிரம்" என்று படிக்கவும்.

(உறையின் மடிப்புக்குள், பென்சிலில்) அண்ணா, எதையும் வாங்காதே. என் அடுத்த கடிதம் வரும்வரை பொறு.


திங்கள், மதியம், நூலகம்

அன்புள்ள அண்ணா,

இந்தக் கடிதத்துக்குப் பதிலை வீட்டுக்கு அனுப்பாதே. பாலிடெக்னிக் நூலகத்தின் முகவரியைப் போட்டு, நூலகர் என்று மட்டும் எழுது. இங்கே தபாலைப் பிரிப்பது நான்தான். போனில் இதைப் பேச முடியாது. நம் வீட்டில் உன் போன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும், இல்லாவிட்டால் அவருக்கு மனக்குறை.

மதிய இடைவேளை. வாகனப் பொறியியல் அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். அவர் வண்டி ஓட்டக் கூடாது. இடுப்பு அதற்குக் காரணம் இல்லை. அவருக்கு இடையிடையே நினைவு அறுந்துபோகிறது. கண் திறந்திருக்கும், ஆள் இருக்க மாட்டார். அரை நிமிடத்துக்குள் திரும்பி வந்துவிடுவார். போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது.

முதல் தடவை நான் பார்த்தது போன வருஷம், சாப்பாட்டு மேஜையில். கரண்டியைக் கையில் பிடித்தபடி நிறுத்திவிட்டார். உதடு மட்டும் எதையோ சுவைப்பதுபோல் சப்புக்கொட்டியது. இடது கை சட்டைப் பொத்தானை நோண்டிக்கொண்டே இருந்தது. நான் ஏதோ யோசனை என்று நினைத்து, "என்ன, கரண்டில ஏதும் எழுதியிருக்கா" என்று கேலி செய்தேன். பதில் இல்லை. கொஞ்ச நேரத்தில் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். நான் கேலி செய்தது அவர் காதில் விழவே இல்லை.

இரண்டாவது தடவை பாலத்தில். ஏணியிலிருந்து விழுவதற்கு இரண்டு மாதம் முன்பு. முன் இருக்கையில் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம், மகள் நடுவில். பாலத்திலிருந்து இறங்கும்போது சாலை வளைகிறது. வண்டி வளையவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவருடைய இடது கை பொத்தானை நோண்டிக்கொண்டிருந்தது. கைப்பிடிச் சுவர் நெருங்கி வந்தது, நான் மகளின் மடிமீது சாய்ந்து கை பிரேக்கை இழுத்துவிட்டேன். வண்டி கோணலாகத் திரும்பி நின்றது. சுவருக்கும் வண்டிக்கும் நடுவே ஓர் ஆள் நுழையலாம், அவ்வளவுதான் இடம்.

அவர் கண்ணைச் சிமிட்டிவிட்டு, "ஏன் இழுத்த?" என்று கேட்டார். கோபமில்லை, வியப்புதான். "நாய் குறுக்க வந்துச்சு" என்று சொல்லிவிட்டேன். அவர் பதறிப்போய்க் கதவைத் திறந்து பின்னால் எட்டிப் பார்த்தார். "அடிபட்டுச்சா?" என்று கேட்டார். ஓடிவிட்டது என்றேன். மகள் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த இயர்போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, "எந்த நாய்?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். இன்றுவரை அவள் மறுபடி கேட்கவில்லை.

அண்ணா, அந்த இல்லாத நாய் எங்கள் வீட்டில் வளர்ந்துகொண்டிருக்கிறது. வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்கிறார், "அவ மட்டும் பாக்கலேன்னா பாவம் அன்னிக்கு ஒரு உசுரு போயிருக்கும்" என்று. அந்தப் பக்கம் பார்வை மங்குகிறதோ என்று தானாகவே போய்க் கண்ணைப் பரிசோதித்துக்கொண்டு வந்தார். அவர் மூக்கில் இப்போது இருக்கும் கண்ணாடி என் பொய்க்கு மாட்டியது. வண்டியில் இன்னொரு வட்டக் கண்ணாடியும் ஒட்டியிருக்கிறார். நாய் வந்தால் தெரிய வேண்டுமாம்.

அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அசதி என்று என்னையே நம்பவைத்தேன். பிறகு ஏணி. கால் வழுக்கியதாக அவர் சொன்னார், நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் டாக்டர், "விழுறதுக்கு முன்னால தல சுத்துச்சா, மயக்கம் மாதிரி வந்துச்சா?" என்று கேட்டார். இல்லை என்றார் இவர். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரி ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். வாய் திறக்கவில்லை. சொன்னால் அடுத்து தலைக்குள் படம் எடுப்பார்கள், படத்தில் என்ன இருக்குமோ என்று பயம். தெரியாத வரைக்கும் இல்லை என்பதுபோல் இருந்துவிட்டேன். புத்தகங்களுக்கு நடுவிலேயே இருபது வருஷம் வேலை பார்த்தவள் இப்படி.

இன்னொன்றையும் சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதே. இந்த எட்டு மாதமும் நான் ஒரு மாதிரி நிம்மதியாக இருந்தேன். இடுப்பு மெதுவாக ஆறட்டும் என்று நினைத்தேன். அந்த இருக்கையின் உயரம்தான் அவரையும் மகளையும் காத்துக்கொண்டிருந்தது. நான் செய்ய வேண்டிய காவலை ஒரு வண்டியிடம் ஒப்படைத்திருந்தேன். இப்போது அதை இரண்டு அங்குலம் இறக்கப் போகிறார்.

மூன்றாவது தடவை போன வியாழக்கிழமை, இந்த அளவுகளை எடுக்கும்போதே. அளவு நாடாவின் நுனியை நான் தரையில் பிடித்திருந்தேன், அவர் மேலே இருக்கையோரம் பிடித்திருந்தார். எவ்வளவு என்று கேட்டேன். பதில் இல்லை. நிமிர்ந்தால், கை பொத்தானில். நான் எண்ணினேன் அண்ணா, வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. இருபத்தொன்று வரை எண்ணினேன். பிறகு அவர், "முப்பத்து மூணரை, எழுதிக்கோ" என்றார். எழுதிக்கொண்டேன். அந்த எண்ணைத்தான் உனக்கு அனுப்பியிருக்கிறேன்.

இங்கே மருத்துவப் புத்தகம் அதிகம் இல்லை, இருப்பதில் படித்தேன். உடம்பு உதறாத வலிப்பு என்று ஒன்று உண்டாம். மருந்து இருக்கிறதாம். சிலருக்கு வேறு காரணமும் இருக்குமாம். அந்த வேறு காரணங்களின் பட்டியல் அடுத்த பக்கத்தில் தொடர்ந்தது. நான் பக்கத்தைத் திருப்பவில்லை.

வண்டிக்கு அடியில் படுத்திருந்தபோது, பட்டைகள் மேலே போகின்றன என்று சொல்ல வாய் திறந்தேன். தப்பான பாகம் வரும், பொருந்தாது, ஒரு மாதம் தள்ளிப்போகும். ஆனால் அவர் பக்கத்தில் கைத்தடியோடு நின்றுகொண்டு, "பாத்து, தலைல இடிச்சிக்காத" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அதனால் நீ எனக்காக ஒரு காரியம் செய்ய வேண்டும். இந்த மாதிரி வண்டிக்கு இறக்கும் பாகமே வருவதில்லை என்று அவருக்கு எழுதிவிடு. வண்டி விஷயத்தில் அவர் நம்புவது உன் ஒருவன் சொல்லைத்தான். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். எப்படி என்று கேட்காதே.

உன் தங்கை


வெள்ளி, மதியம், நூலகம்

அன்புள்ள அண்ணா,

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. வீட்டுக்கு வந்ததை அவர் எங்கள் இருவருக்கும் கேட்கும்படி வாசித்தார். தேடிக்கொண்டிருக்கிறேன், பத்து நாள் பொறுங்க மாப்பிள்ளை, இரண்டு விதம் இருக்கிறது, எது நல்லது என்று விசாரிக்கிறேன் என்று எழுதியிருந்தாய். நூலகத்துக்கு வந்ததை நான் கழிவறையில் நின்று படித்தேன்.

ஸ்பிரிங் விஷயத்தில் ஒருவனிடமும் பொய் சொன்னதில்லை, மாப்பிள்ளையிடம் தொடங்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். பத்து நாள் மட்டும் இழுத்துப்பிடிக்கிறேன், அதற்குள் நீ சொல்லிவிடு, இல்லாவிட்டால் நான் சொல்வேன் என்றும். உன்மேல் எனக்குக் கோபம் வந்தது. ஒரு நாள் முழுக்க இருந்தது. பிறகு நீ சொன்னதுதான் சரி என்று தெரிந்தது, ஆனால் அது துணிச்சலைக் கொண்டுவரவில்லை. தினமும் காலையில் இன்று சொல்லிவிடுவேன் என்று பஸ் ஏறுகிறேன். தினமும் மாலையில் அவர் காய்கறி நறுக்கிவைத்துவிட்டு, "இன்னிக்குக் காலேஜ்ல என்ன கூத்து?" என்று கேட்கிறார். சொல்ல வந்தது உள்ளேயே போய்விடுகிறது.

அந்தப் பத்து நாளில் நடந்ததைக் கேள். புதன்கிழமை மாலை வீட்டுச் சந்துக்குள் திரும்பினால் பிக்கப்பின் முன்பக்கம் கட்டைகள் மேல் நிற்கிறது. ஒரு சக்கரம் சுவரில் சாய்ந்திருக்கிறது. எங்கள் சமையலறை ஜன்னல் வழியாக ஒயர் இழுத்து, அறுக்கும் மெஷினைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் குந்தியிருக்கிறார். முனைக்கடை மெக்கானிக். ஜாக்கி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள், அவர் வீட்டிலும் அப்படித்தானாம். உன் பதிலுக்குக் காத்திருக்க முடியாமல் இவர் கூப்பிட்டுவிட்டார். "ஒன்றரைச் சுத்து அறுத்துட்டா ரெண்டு அங்குலம் தானா எறங்கிடும்க்கா, காசு எதுக்கு வேஸ்டா" என்று ஜாக்கி எனக்கே விளக்கம் சொன்னார்.

அந்த வாரம்தான் நான் இங்கே வாகனப் பொறியியல் புத்தகம் ஒன்றில் ஸ்பிரிங்கை அறுப்பது பற்றிய பக்கத்தைப் படித்திருந்தேன். அறுத்த சுருள் அதன் கிண்ணத்தில் சரியாக உட்காராது, சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது இடம் விட்டு நழுவலாம், அறுக்கும் சூட்டில் எஃகின் பதமும் போகும் என்று படம் போட்டிருந்தது. எதையும் வாங்காதே, பொறு என்று உனக்கு எழுதியவள் நான். நான் இழுத்த இழுப்பில்தான் அந்த மெஷின் எங்கள் சந்துக்குள் வந்தது.

"அறுக்காதீங்க, அண்ணன் பாகத்த அனுப்பிட்டான், வழியில இருக்கு" என்று சொன்னேன். இன்னொரு பொய். இவர் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும் நீ. "எங்கிட்ட சொல்லவேயில்லையே மச்சான்" என்றார். உனக்கு அவரை ஆச்சரியப்படுத்த ஆசையாக இருந்திருக்கும் என்றேன். ஜாக்கி மெஷினைக் கீழே வைத்துவிட்டு, படித்த பொம்பளைங்க வீட்டில் வேலை பார்ப்பது கஷ்டம் என்று சக்கரத்திடம் சொன்னார்.

ஆகவே அனுப்பு அண்ணா. நீ எழுதிய இரண்டு விதத்தில் இரண்டாவதை. முதல் விதத்தில் சுருள் மட்டும் குட்டை, பழைய ஷாக் அப்சார்பரையே வைத்துக்கொள்ளலாம் என்றாய். வேண்டாம். வண்டி இறங்கினால் பழைய ஷாக் பாதி மடிந்த நிலையிலேயே வேலை செய்யும், பள்ளத்தில் அடிவரை போய் இடிக்கும். சுருளும், அதற்கேற்ற குட்டை ஷாக்கும், அடியில் இடி வாங்கும் ரப்பரும் சேர்ந்து வருகிறதே, அது. பின்னால் ஒன்றரை அங்குலக் கட்டை, அதை அச்சோடு சேர்த்து இறுக்க நீளமான யூ போல்ட் நான்கு. பழைய யூ போல்ட் எட்டாது. பார், ஸ்பிரிங் தேர்ந்தெடுக்க வந்துவிட்டேன். சிரிக்காதே.

ஏன் மனம் மாறினேன் என்றால், பாகத்தைத் தடுத்தால் அவர் அறுத்தாவது ஏறிவிடுவார். வண்டி இறங்குவதில் தப்பே இல்லை. டாக்டரிடம் போக, கடைக்குப் போக, மறுபக்கக் கதவு வழியாக அவர் ஏறி உட்காரத்தானே வேண்டும், அந்தப் பக்கமும் அதே உயரம்தான். தடுக்க வேண்டியது எது என்று எனக்குத் தெரியும். அதற்குப் பாகம் எந்தக் கிடங்கிலும் கிடைக்காது.

நேற்று மகள் பாத்திரம் துடைத்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், "பரீட்சைக்கு நான் பஸ்லயே போறேன்மா. அப்பாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். பஸ்ஸைப் பற்றியா கேட்கிறாய் என்றேன். "இல்ல" என்றாள். அந்தப் பிள்ளை பத்து மாதமாக இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு படித்திருக்கிறது. பதினாறு வயது அண்ணா. நான் சொல்கிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். பாகம் பூட்டுவதற்கு முன் சொல்லிவிடுவேன் என்று உனக்கும் சொல்கிறேன்.

உன் தங்கை


சனி, மாலை, வீடு

அன்புள்ள அண்ணா,

பாகங்கள் எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தன, எண்ணிப் பார்த்தேன். இன்று காலை ஜாக்கியின் பட்டறையில் பூட்டினார்கள். பூட்டுவதற்கு முன் சொல்வேன் என்று எழுதியிருந்தேன். சொல்லவில்லை. அதையும் உன்னிடம் மறைக்க முடியாது.

ஆறு மணி நேரம் ஆனது. நான் எண்ணெய் படிந்த ஒரு டிரம்மின் மேல் நாளிதழை விரித்து உட்கார்ந்திருந்தேன். இவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வண்டியைச் சுற்றிச்சுற்றி வந்தார். ஜாக்கி சுருளை அழுத்திக் கட்டும்போது, "தள்ளி நில்லுங்க அண்ணாச்சி, இது தெறிச்சா உங்க இன்னொரு இடுப்பும் போயிரும்" என்றார். இவர் சிரித்தார். இப்போது சொல், இந்தச் சக்கரம் மாட்டியதும் சொல், சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று பார்த்து முடித்ததும் சொல் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

வேலை முடிந்தது. வண்டி நான்கு சக்கரத்தில் இறங்கி நின்றது. பார்க்க அப்படியொன்றும் வித்தியாசம் தெரியவில்லை. இவர் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, முதுகைக் காட்டி நின்று, மெதுவாகப் பின்னால் சாய்ந்தார். உட்கார்ந்துவிட்டார். இரண்டு காலையும் சேர்த்து உள்ளே எடுத்தார். கதவைச் சாத்தினார். யாரும் கை கொடுக்கவில்லை. எட்டு மாதத்தில் அந்த முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. அந்த முகத்தைத்தான் நான் அழிக்க வேண்டியிருந்தது.

சாவியைத் திருப்பினார். இன்ஜின் கிளம்பியது. பட்டறை வாசலில் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள், சனிக்கிழமைச் சிறப்பு வகுப்பு போல. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்று சொல்வார்களே, அப்படியில்லை. கால் தானாக ஓடியது. வண்டிக்கு முன்னால் போய் நின்றுவிட்டேன். "என்ன, போட்டோ எடுக்கப்போறியா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டார். ஒரு நிமிஷம் அணைங்க என்றேன். அணைத்தார். மறுபக்கம் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

அன்றைக்குப் பாலத்தில் நாய் வரவில்லை என்று சொன்னேன். பிறகு மேஜை, பாலம், அளவு நாடா, மூன்றையும் சொன்னேன். பொத்தானைச் சொன்னேன். நான் பேசி முடிக்கும்வரை அவர் முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். இதற்கு நடுவில் மறுபடி போய்விட்டாரோ என்று பயந்து அவர் கையைப் பார்த்தேன். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார்.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். ஒரு வேலைக்கு அளவு கேட்பதுபோல் கேட்டார். "எவ்வளவு நேரம்?" என்றார். இருபத்தொன்று எண்ணினேன் என்றேன். "வேகமா எண்ணினியா, மெதுவாவா?" என்றார். தெரியவில்லை என்றேன். "அன்னிக்குப் பாப்பா நடுவுல இருந்தால்ல" என்றார். அது கேள்வி இல்லை.

அடுத்து அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஏணில நிக்கறப்ப கண்ணாடி என் கையில இருந்துச்சு. அடுத்தது தரையில கெடக்கறேன், மேல ஆளுங்க எட்டிப் பாக்கறாங்க. நடுவுல ஒண்ணுமே இல்ல. கால் வழுக்குச்சுங்கறத நானாத்தான் சேத்துக்கிட்டேன். யார்கிட்டயும் சொல்லல. அதுக்கு முன்னாலயே, கண்ணு டாக்டர்கிட்டப் போனப்ப, கோளாறு கண்ணுலதான்னு அவர் சொல்லிடணும்னு வேண்டிக்கிட்டேன்."

பத்து மாதமாக ஒரே கூரைக்குக் கீழே, ஒரே பயத்தை ஆளுக்கொரு பக்கம் ஒளித்து வைத்திருந்திருக்கிறோம். இதில் ஆறுதல் இருக்கும் என்று நினைப்பாய். இல்லை. அவருக்குத் தெரியாது என்று நினைத்த வரைக்கும் பயப்படும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று இருந்தேன். இப்போது அவர் கண்ணிலும் அதைப் பார்க்கிறேன், தாங்க முடியவில்லை.

பிறகு அவர் இறங்கி, வண்டியைச் சுற்றிக் கைத்தடியோடு நடந்து வந்தார். நான் நடுவில் நகர்ந்துகொண்டேன். மறுபக்க இருக்கையில் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அங்கேயும் சுலபமாகத்தான் உட்கார முடிந்தது. ஜாக்கியைக் கூப்பிட்டு, "வீடு வரைக்கும் நீயே ஓட்டிப் பாரு, சத்தம் ஏதும் வருதான்னு கேக்கணும்" என்றார். ஜாக்கிக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். நீங்க ஓட்டலையா என்று கேட்காமல் ஏறி, மெதுவாக ஓட்டினார். வண்டி கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது, குலுங்கவில்லை. நல்ல பாகம் அனுப்பியிருக்கிறாய்.

திங்கட்கிழமை மகளோடு நான் பஸ்ஸில் போகிறேன். வியாழக்கிழமை காலை நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கியாகிவிட்டது. அவரே போன் செய்து வாங்கினார். தலைக்குப் படம் எடுப்பார்களாம். இவருக்கு வேலை தரும் கண்ணாடிக் கடைக்காரர், கண்ணாடி வெட்டும் மேஜையில் வேலை இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வரட்டும் என்று சொல்லியனுப்பினார். அதற்கு இவர் இன்னும் பதில் சொல்லவில்லை. இதை எழுதும்போது அவர் சந்தில் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறார், ஓட்டும் இருக்கையில். சாவி என்னிடம் இருக்கிறது, கேட்காமலே கொடுத்தார். ஆனாலும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஜன்னலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். எதைப் பார்க்கப் போகிறேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இந்தக் கடிதம் வியாழனுக்குள் உன் கைக்கு வராது என்று தெரியும். போன் செய்யாதே. போனில் அவர் சிரித்துச் சமாளித்துவிடுவார், நீயும் நம்பிவிடுவாய். எழுது. எனக்கு எழுதாதே, உறையில் அவர் பெயரைப் போட்டு அவருக்கே எழுது. டாக்டர் என்ன சொல்லியிருந்தாலும் சரி, அதற்குப் பிறகு இந்த வீட்டுக்குள் வரும் முதல் தாள் உன்னுடையதாக இருக்கட்டும். தைரியமாக இருங்கள் என்றெல்லாம் எழுதிவிடாதே, அவருக்குப் பிடிக்காது. புதுச் சுருள் சுமையில் எவ்வளவு அமுங்குகிறது, வளைவில் எப்படி நிற்கிறது, ஷாக் கசிகிறதா என்று கேள். அடியில் படுத்துப் பார்த்தால்தான் தெரியும்படி ஏதாவது கேள், நான் படுத்துப் பார்த்துச் சொல்கிறேன். ஒரு கேள்வியோடு நிறுத்தாதே அண்ணா. அவர் உனக்குப் பதில் எழுத வேண்டியிருக்கிற மாதிரி, அதற்கு நீ மறுபடி எழுதுகிற மாதிரி, நிறையக் கேள்.

உன் தங்கை